ரப்பரா, மெஷ்ஷா: பொதுச்சுவர் வீட்டில் ஒரு டிரம் செட்

"ராத்திரியில மரங்கொத்தி கொத்துற மாதிரி கேக்குதுப்பா. நடுநடுவுல யாரோ நெல்லு குத்துறாங்க." பக்கத்து வீட்டு ஆயா இதைக் குறையாகச் சொல்லவில்லை. என்ன சத்தம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ராஜகுளம் என்ற கிராமத்தில் என் அக்கா வீட்டுக்கும் ஆயா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா மகனின் எலக்ட்ரானிக் டிரம் செட், அந்தப் பக்கம் ஆயாவின் கட்டில்.

அக்கா மகன் உத்திரமேரூர் வட்டாரத்தில் மெல்லிசைக் கச்சேரிகளுக்குப் போய் வாசிக்கிறவன். பகலில் வேலை. சாப்பிட்டு முடித்துக் குச்சியைக் கையில் எடுக்க இரவு ஒன்பது ஆகிவிடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் சத்தம் அவன் காதோடு நின்றுவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். எலக்ட்ரானிக் செட் வாங்குகிற எல்லாருமே அப்படித்தான் நினைத்து வாங்குகிறார்கள். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டாலும் குச்சி ஒரு பொருளின் மேல் விழுகிறது, கால் ஒரு பெடலை மிதிக்கிறது. அந்தச் சத்தத்தை எந்தப் பொத்தானாலும் குறைக்க முடியாது. அது முழுக்க அடிபடும் முகப்பையும் அது நிற்கும் தரையையும் பொறுத்தது.

ஆயா சொன்ன இரண்டும் இரண்டு வேறு சத்தங்கள். மரங்கொத்தி என்றது பேடின் மேல் குச்சி விழும் 'டக்'. நெல் குத்துவது என்றது கிக் பெடலின் 'தும்'. முதலாவது காற்றில் ஏறி ஜன்னல் வழியாக வெளியேறுகிறது. இரண்டாவது தரையில் இறங்கிச் சுவரில் ஏறுகிறது. வழி வேறு என்பதால் வைத்தியமும் வேறு. ரப்பர் வாங்கலாமா, மெஷ் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் முதல் சத்தத்தை மட்டும் மனதில் வைத்தே கேட்கிறார்கள். நாங்களும் அங்கேதான் ஆரம்பித்தோம்.

அவனிடம் இருந்தது ரப்பர் பேட் செட், ஒரு கை மாறி வந்தது. கூட வாசிக்கிற நண்பன் வெளியூர் போயிருந்த பதினைந்து நாளைக்கு அவனுடைய மெஷ் செட்டை வாங்கி வந்து அதே அறையில் பக்கத்தில் வைத்தோம். ஒரே குச்சி, ஒரே பாடம், ஒரே வேகம். ஐந்து நிமிடம் இதில், ஐந்து நிமிடம் அதில். நான் வெளியே தெருவில் நடந்தேன். ரப்பரில் அவன் வாசித்தபோது எதிர்வரிசைத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் ஒவ்வொரு அடியையும் எண்ண முடிந்தது. இடக்கை அடி வலக்கை அடியைவிட மெலிசாக இருப்பதுகூடத் தெரிந்தது. மெஷ்ஷுக்கு மாறியதும் சத்தம் திண்ணையோடு நின்றது. ஜன்னலுக்கு நேரே நின்றால் துணி உதறுவதுபோல ஏதோ கேட்டது, இரண்டு வீடு தள்ளிப் போனால் அதுவும் இல்லை. கிக் மட்டும் இரண்டு செட்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணத்தை விரலால் தொட்டே தெரிந்துகொள்ளலாம். மெஷ் முகப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். கொசுவலையைவிட நெருக்கமாக, சல்லடைத் துணிபோல நெய்த செயற்கை இழை அது. சாதாரண டிரம்மின் முகப்பு பாலியஸ்டர் படலம். 1957இல் ரெமோ பெல்லி அமெரிக்காவில் தொடங்கிய ரெமோ நிறுவனம் உலகம் முழுக்கப் பரப்பியது இந்த வகையைத்தான். குச்சி பட்டதும் அந்தப் படலம் முழுவதும் மேலும் கீழும் ஆடும். ஆடும்போது தன் பரப்பளவுக்கு உண்டான காற்றை விசிறிபோலத் தள்ளும். காதுக்கு வந்து சேர்வது அந்தக் காற்றுத்தான். மெஷ்ஷும் அதேபோல ஆடுகிறது. ஆனால் தள்ள வேண்டிய காற்று ஓட்டை வழியாக ஒழுகிவிடுகிறது. ஓலை விசிறியால் விசிறுவதற்கும் சல்லடையால் விசிறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ரப்பரின் கதை வேறு. அது ஆடுவதே இல்லை. கெட்டியான தகட்டின் மேல் ஒட்டிய தடித்த ரப்பர், அடியில் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ சென்சார். பரப்பு ஆடாததால் பெரிய காற்றலை எழுவதில்லை. ஆனால் குச்சி சட்டென்று நிற்க நேர்கிறது. அந்தச் சட்டென்ற நிறுத்தத்தில் பிறப்பது குறுகிய, கூர்மையான, மேல்ஸ்தாயிச் சத்தம். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். குச்சியின் 'டக்' அந்த இடத்தில்தான் விழுகிறது. அளவில் சிறியதாக இருந்தும் அது தூக்கத்தைக் கலைப்பதற்கு இதுவே காரணம். மெஷ்ஷில் குச்சி நிற்காமல் சற்று அமிழ்ந்து மேலே வருகிறது. சத்தத்தின் கூர் மழுங்கிவிடுகிறது.

மேல்ஸ்தாயிச் சத்தத்தைச் செங்கல் சுவர் நன்றாகவே தடுக்கும். சுவர் தடிமனாக, கனமாக இருக்க இருக்க இன்னும் நன்றாகத் தடுக்கும். நம் ஊர் வீட்டில் இடைஞ்சல் சுவர் அல்ல, ஜன்னல். ஏசி இல்லாத வீடு, சித்திரை வெயில் போய்ச் சேர்ந்த பிறகும் புழுக்கம் விடாது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் டிரம்ஸ் வாசிக்க யாராலும் முடியாது. சுவர் எவ்வளவு நல்ல சுவராக இருந்தாலும் திறந்த ஜன்னலுக்கு முன்னால் அதற்கு வேலை இல்லை. ரப்பர் பேடின் சத்தம் சுவரைத் துளைத்துப் போகவில்லை, ஜன்னல் வழியாக நடந்து போகிறது.

இன்னொன்றும் உண்டு. சென்னையில் பிரதான சாலையை ஒட்டிய வீடு என்றால் இரவு பத்து மணிக்கும் லாரி, ஆட்டோ, ஹாரன் என்று ஒரு இரைச்சல் எப்போதும் விரித்த பாய்போலக் கிடக்கும். ரப்பரின் டக்டக் அதன் அடியில் மறைந்துவிடும். ராஜகுளத்தில் ஒன்பது மணிக்கு மேல் தவளையும் சில்வண்டும்தான். இந்த அமைதியில் ஒரு சின்னச் சத்தம்கூட எழுந்து நிற்கும். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு. ஒரு டிரம் பேட் அந்த வரம்பை மீறாமலே அடுத்த வீட்டைத் தூங்கவிடாமல் செய்ய முடியும், சுற்றிலும் வேறு சத்தமே இல்லை என்ற ஒரு காரணத்தால். நகரத்துக்காரர்களுக்கு ரப்பரே போதும், கிராமத்தில்தான் மெஷ் அவசியம் என்று நான் சொன்னால் பலர் தலைகீழாகச் சொல்கிறேன் என்பார்கள். தெருவில் நடந்து கேட்ட பிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஊர்க்காரர்கள் சத்தத்துக்குப் பயந்தவர்களும் அல்லர். ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது அம்மன் கோயில் வாசலில் பறையும் பம்பையும் விடிய விடிய முழங்கும், ஒருவர் முகம் சுளிக்க மாட்டார்கள். பறை செய்யப்பட்டதே தூரத்துக்குக் கேட்கத்தான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை வைக்கோல் தீயில் காய்ச்சி, ஈரத்தை விரட்டி, நெல்வயலின் அந்தக் கரைக்கும் எட்டுகிற மாதிரி விறைப்பேற்றுவார்கள். ஊருக்குச் செய்தி சொல்லும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி அந்தக் கருவியை வைத்து இழிவுபடுத்தினார்கள் என்பது அதன் மறுபக்கம். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் தெருப் பையன்கள் அந்தச் செய்தியை ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டார்கள். அக்கா மகன் டிரம்ஸ் பக்கம் வந்ததே பறை கேட்டு வளர்ந்ததால்தான்.

ஆனால் திருவிழாச் சத்தம் வேறு, பயிற்சிச் சத்தம் வேறு. திருவிழாவில் தாளம் நகரும், ஏறும், ஒரு இடத்துக்குப் போய்ச் சேரும். பயிற்சி என்பது ஒரே அடியை இருநூறு தடவை அடிப்பது. இருநூறில் நூற்றெண்பது சரியாக விழும், இருபது பிசகும், மறுபடி ஆரம்பம். கேட்கிறவர்களுக்கு அதில் கதை இல்லை, முடிவும் இல்லை. அந்தத் தெருவிலேயே ஒரு பெண் ப்ளஸ் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கூழ் வார்க்கும் நாளின் முழக்கம் ஒரு பொருட்டே இல்லை, தினமும் ஒன்பதரைக்குத் தொடங்கும் டக்டக்தான் படிப்பைக் கெடுத்தது என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து இதை நான் இசைக்கருவி வாங்கும் விஷயமாகப் பார்க்கவில்லை.

கைக்கு எது நல்லது என்ற கேள்வியில் தீர்ப்பு இவ்வளவு சுலபமாக வராது.

ஆரம்பகால எலக்ட்ரானிக் செட்டுகள் சிலவற்றில் முகப்பு ரப்பர்கூட இல்லை. 1981இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 செட்டின் அறுகோணப் பேடுகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேசையில் அடிப்பதுபோல அடி முழுவதும் மணிக்கட்டுக்குத் திரும்பியது, வாசித்தவர்கள் வலியால் அவதிப்பட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1985இல் ரோலண்ட் எட்டு ரப்பர் சதுரங்களை ஒரே பலகையில் வைத்து ஆக்டபேட் என்று கொண்டுவந்தது. தமிழ்நாட்டு மெல்லிசை மேடைகளில் அது பிடித்த இடம் பெரியது. அதன் வழியில் வந்த எஸ்பிடி-20 இல்லாத குழுவை ஒரு காலத்தில் பார்ப்பதே அரிது. தபேலா, டோலக், டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஆள், ஒரே ஸ்டாண்டில், வேன் பின்சீட்டில் அடங்குகிற ஒரு பெட்டியில் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. திருமண மண்டபம், கோயில் திடல், தூசி, வெயில், திடீர் மழை எல்லாம் பார்த்தும் ரப்பர் அசைந்து கொடுக்கவில்லை. ரப்பரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அந்த முப்பது நாற்பது வருட உழைப்பை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மெஷ் 1997இல் வந்தது. ரோலண்டும் ரெமோவும் சேர்ந்து உருவாக்கிய வலை முகப்புகளோடு வி-டிரம்ஸ் என்ற பெயரில் டிடி-10 செட் அந்த ஆண்டு வெளியானது. டிரம் கீ வைத்துத் திருகினால் இறுகவும் தளரவும் செய்கிற முகப்பு அது. முதலில் பெரிய கலைஞர்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் மட்டும் எட்டிய விலை. இப்போது அலேசிஸ் போன்ற நிறுவனங்களின் தொடக்கநிலைச் செட்டிலேயே எட்டு அங்குல மெஷ் வந்துவிட்டது.

மெஷ்ஷில் வாசித்த பதினைந்து நாளும் அக்கா மகன் மணிக்கட்டைப் பிடித்துவிடச் சொல்லவில்லை. ரப்பரில் ஒரு மணி நேரம் வாசித்தால் வலக்கைக் கட்டைவிரலடியில் இழுப்பது வழக்கம். தட்டுகிற விசையை ரப்பர் குச்சிக்கே திருப்பித் தருகிறது, மெஷ் அதைத் தன் நெகிழ்வில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. நீண்ட நேரப் பயிற்சிக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் அவனே ஒன்றைச் சொன்னான். "மாமா, இதுல குச்சி தானா எழும்புது. என் கை வேலையே செய்யல." மெஷ்ஷை இறுக்கினால் குச்சி உண்மையான டிரம்மைவிட அதிகமாகத் துள்ளும். இரட்டை அடி மாலைபோலத் தொடுத்துக்கொண்டு வரும், கேட்க ஆனந்தமாக இருக்கும். மண்டபத்தில் அக்கூஸ்டிக் டிரம்ஸில் உட்கார்ந்ததும் அந்தத் துள்ளல் காணாமல் போகும். அந்தப் பதினைந்து நாளில் ஒரு கச்சேரி வந்தது. முதல் இரண்டு பாட்டுக்கு அவன் கை தடுமாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இதற்கு மருந்து மெஷ்ஷைத் தளர்த்தி வைப்பது. கொஞ்சம் தொய்வாக இருந்தால் துள்ளல் குறையும், கை உழைக்கும், அடிச்சத்தமும் இன்னும் மழுங்கும். ரொம்பத் தளர்த்தினால் நடுவில் உள்ள பஞ்சுக்கூம்பில் முகப்பு அழுந்தி ஒரே அடி இரண்டாகப் பதிவாகும். அந்த நடு அளவைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பஞ்சுக்கூம்பு மெஷ்ஷின் பலவீனமான இடம். பெரும்பாலான மெஷ் பேடுகளில் நட்டநடுவில் கூம்புபோல ஒரு பஞ்சு நின்று முகப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதன் அடியில் சென்சார். நேராகக் கூம்பின் மேல் அடித்தால் சத்தம் வேண்டியதைவிடக் கூடுதலாக வரும், ஓரத்தில் அடித்தால் குறையும். ரோலண்ட் 2016இல் கொண்டுவந்த பிடி-140டிஎஸ் ஸ்னேரில் மூன்றடுக்கு வலையும் ஓரத்தில் சென்சார்களும் வைத்து இதைச் சரிசெய்தார்கள். அதன் விலை நம் வீட்டுக் கணக்குக்கு வராது. ரப்பரில் இந்தத் தொல்லை குறைவு. நடுவிலும் ஓரத்திலும் ஏறக்குறைய ஒரே பதில்.

அடுக்கு என்ற சொல் வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை அடுக்கு மெஷ் மிக அமைதியானது, துள்ளலும் மிக அதிகம். இரட்டை அடுக்கில் கைக்குத் தோல்போன்ற தடிமன் வருகிறது, சத்தம் துளி கூடும். வீட்டில் தினமும் வாசிக்கிறவர்களுக்கு இரட்டை அடுக்கே சரி. யமஹா சுமார் 2010இல் மூன்றாவது வழி ஒன்று கண்டது: உள்ளே நுண்குமிழ்கள் நிறைந்த சிலிக்கோன் முகப்பு. ரப்பரைவிட மென்மை, மெஷ்ஷைவிடத் துள்ளல் குறைவு. அதில் நான் உட்கார்ந்து கேட்டது கடையில் கொஞ்ச நேரம்தான், அதனால் தெருவில் எவ்வளவு கேட்கும் என்ற ஒப்பீட்டுக்குள் அதைக் கொண்டுவரவில்லை.

இந்த இறுக்கும் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. மிருதங்கத்தில் மூட்டைக் கல்லால் தட்டி எதிரெதிராகச் சரிசெய்வதும், தவிலில் போல்ட்டை எதிரெதிராக முடுக்குவதும், மெஷ்ஷில் டிரம் கீயை எதிரெதிராகத் திருகுவதும் பார்வைக்கு ஒரே வேலை. ஒரு பக்கம் மட்டும் முடுக்கினால் மூன்றிலும் முகப்பு கோணிக்கொள்ளும். ஆனால் மிருதங்கக்காரர் தேடுவது சுருதி. வெறும் தோலின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து வருவதில்லை. நடுவில் கரணை அப்பி அவற்றை இசைய வைத்திருக்கிறார்கள் என்று சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார், 1934இல் விரிவாகவும் எழுதினார். தோலிலிருந்து நல்ல நாதத்தை வரவழைக்க எத்தனையோ தலைமுறைகள் பாடுபட்டார்கள். மெஷ்ஷை எப்படி முடுக்கினாலும் சுருதி மாறாது. சுருதி, சத்தத்தை உருவாக்கும் மாட்யூல் என்ற பெட்டிக்குள் இருக்கிறது, இங்கே முடுக்குவது கைக்கு.

இனி நெல் குத்தும் சத்தம்.

ரப்பர் செட்டிலும் மெஷ் செட்டிலும் கிக் ஒரேமாதிரி ஆயாவுக்குக் கேட்டதற்குக் காரணம் எளிது. கிக்கின் முகப்பு எதுவாக இருந்தாலும், காலின் எடையோடு பெடலின் சுத்தியல் வந்து மோதும் விசை இரும்புச் சட்டம் வழியாகத் தரைக்குத்தான் போகிறது. தரையில் இறங்கிய அதிர்வுக்கு ஜன்னல் தேவையில்லை. கனத்த சுவரும் அதை நிறுத்தாது, சுவரே சேர்ந்து அதிரும். செட்டின் ஒரு கால் பொதுச்சுவரின் அடியில் ஒட்டி நின்றிருந்ததை அன்று இரவு டார்ச் அடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. செட்டைத் தெருப்பக்க அறைக்கு மாற்றி, எந்தச் சுவரிலிருந்தும் இரண்டு முழம் தள்ளி வைத்தோம். கீழே பழைய தேங்காய் நார் மெத்தை ஒன்று, அதன் மேல் கனமான ப்ளைவுட் பலகை, பலகை மேல் செட். மறுவாரம் ஆயா தானாகவே சொன்னார்: "நெல்லு குத்துறது நின்னுபோச்சு."

தரை வீட்டில் இது இவ்வளவு சுலபமாக முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிராமத்து வீட்டின் சிமெண்டுத் தரை நேராக மண்ணின் மேல் கிடக்கிறது. இறங்கிய அதிர்வில் பெரும்பகுதியைப் பூமியே விழுங்கிவிடும். தாம்பரம், பள்ளிக்கரணைப் பக்கம் மூன்றாவது மாடி ஃப்ளாட் என்றால் கதை தலைகீழ். அங்கே தரை என்பது கீழ்வீட்டின் கூரை. கான்கிரீட் பலகை நான்கு ஓரத்தில் தாங்கி நடுவில் தொங்குகிறது. அதுவே ஒரு பெரிய டிரம் முகப்பு. முகப்பு ரப்பரா மெஷ்ஷா என்று யோசிப்பதற்கு முன் கிக்குக்கு வழி செய்தாக வேண்டும். சுத்தியல் வெளியே மோதாத கேடி-10 போன்ற பெடல்கள் இருக்கின்றன. பெடலுக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் வைக்கும் ரப்பர்க் குமிழ்த் தாங்கிகளை ரோலண்ட் நாய்ஸ் ஈட்டர் என்று விற்கிறது. இரண்டு பலகைக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்துச் சொந்தமாகவே மேடை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பணம் அளவாக இருக்கும் ஃப்ளாட்வாசிக்கு என் யோசனை, முகப்பு ரப்பராகவே இருக்கட்டும், பணத்தைத் தரையில் போடுங்கள். ராஜகுளத்துக்காரருக்கு நேர் மாறாகச் சொல்வேன்.

மெஷ் செட் வாங்கினாலும் சிம்பல்களும் ஹை-ஹாட்டும் ரப்பர் பூசியவைதான். மெஷ்ஷில் வாசித்த நாட்களில் ஆயா "எப்பவாவது ஒரு கொத்து கேக்குது" என்றது அதைத்தான். டிரம்கள் அடங்கிய பிறகு ஹை-ஹாட்டின் டிக்டிக் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. குச்சியின் கூர்முனையால் அடிக்காமல் தோள்பக்கம் சாய்த்து அடிக்கச் சொன்னேன், இரவில் மட்டும். ரப்பர் உறை போட்ட குச்சிமுனைகளும் கிடைக்கின்றன. அவை கொஞ்சம் கனம் கூட்டிவிடும்.

பராமரிப்பில் ரப்பர் பக்கம்தான் நியாயம். ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. வெயில்படும் இடத்தில் வருடக்கணக்கில் வைத்தால் இறுகிப் பளபளக்கும், அவ்வளவுதான். மெஷ்ஷுக்கு ஓட்டை உண்டு, ஓட்டை வழியாக எல்லாம் உள்ளே போகும். அறுவடை நேரத்தில் நெல் தூசி ஜன்னல் வழியாக வந்து ஒரே வாரத்தில் கறுப்பு வலையைச் சாம்பல் நிறமாக்கியது. ஒரு காலையில் ஸ்னேரின் மேல் பல்லி எச்சம். பழைய வேட்டி ஒன்றை மடித்துப் போர்த்தும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் பஞ்சு எலிக்குப் பிடித்தமானது என்பதையும் நெல் மூட்டை இருக்கும் வீட்டுக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் குச்சிமுனை. சிராய் எழும்பிய மரமுனை வலையின் ஒரு இழையை அறுத்தால் அந்த இடம் மெல்ல மெல்லப் பெரிதாகும். ரப்பரில் நைந்த குச்சியை வைத்து ஒரு மாதம் ஓட்டலாம், மெஷ்ஷில் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. மழைக்காலத்தில் மட்டும் இரண்டும் சமம். ஐப்பசி ஈரத்தில் தோல் தொய்ந்து பறையைத் தீக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்போது ரப்பரும் மெஷ்ஷும் அப்படியே இருக்கும்.

ரப்பரில் வாசிக்கிறவர் தன் குச்சிச் சத்தம் தனக்கே கேட்டுத் தொல்லை செய்வதால் ஹெட்போனைக் கூட்டி வைப்பார். அக்கா மகன் வைத்திருந்த அளவை ஒருநாள் காதில் மாட்டிப் பார்த்தேன், பத்து நொடிகூடத் தாங்கவில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலைக்களத்துக்கு வைத்த பாதுகாப்பு எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது பரவலாக ஏற்ற கணக்கு. மெஷ்ஷுக்கு மாறியதும் அவன் தானாகவே வால்யூம் குமிழைக் கணிசமாகக் கீழே இறக்கினான். அமைதியான முகப்பின் முதல் பயன் ஆயாவுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். வாசிக்கிறவனின் காதுக்கு இது அதைவிடப் பெரிய பயன் என்று இப்போது தோன்றுகிறது.

நண்பன் திரும்பி வந்து செட்டை எடுத்துப் போன பிறகு நாங்கள் முழு மெஷ் செட் வாங்கவில்லை. அடிகளில் பெரும்பகுதி ஸ்னேரில்தான் விழுகிறது. அதனால் மாட்யூலுக்குப் பொருந்துகிற இரட்டை அடுக்கு மெஷ் ஸ்னேர் பேட் ஒன்றை மட்டும் முதலில் வாங்கினோம். வாங்குவதற்கு முன் பழைய மாட்யூலில் மெஷ் பேடுக்கான அமைப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். ரப்பருக்கென்று வைத்த உணர்திறனில் மெஷ்ஷைச் செருகினால் மெல்லிய அடிகள் பதியாது. டாம்கள் ரப்பராகவே இருக்கின்றன, அவற்றில் அடி விழுவது பாட்டுக்கு இரண்டு மூன்று இடத்தில். ஆக்டபேட் கச்சேரிக்கு மட்டும், அதை வீட்டில் எடுப்பதில்லை.

குழுவில் ஒருவர் வீட்டுப் பரணில் பதினான்கு அங்குல அக்கூஸ்டிக் டிரம் ஒன்று முகப்புக் கிழிந்து கிடக்கிறது. அதன் வளையத்தில் ரெமோவின் சைலண்ட் ஸ்ட்ரோக் மாதிரி ஒரு மெஷ் முகப்பைப் போட்டு, உள்ளே சென்சார் வைத்தால் டாம் ஒன்று தயாராகிவிடும். அடுத்த முறை சென்னை போகும்போது அண்ணா சாலையில் இருக்கும், 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கலில் கேட்டுப் பார்க்கலாம் என்று அளவு எடுத்து வைத்திருக்கிறோம். விளிம்பு கோணவில்லை, எட்டுத் திருகில் ஆறு நன்றாகத் திரும்புகிறது, இரண்டு துருப்பிடித்துவிட்டது. இப்போதைக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறான்.